இசபெல்லா டீச்சரின் அபிப்பிராயம்

1

இது நான் கற்பனை செய்த கதை அல்ல. சேலம் கடைவீதியில் வாடகை நூல் நிலையம் வைத்திருக்கும் கந்தவேல் சொன்னது. அவர் சொல்லாமல் விட்ட இடங்களை மட்டும் நான் நிரப்பியிருக்கிறேன். எந்த இடங்கள் என்று கேட்காதீர்கள். எனக்கே இப்போது குழம்பிவிட்டது.

ஒரு பத்திரிகை ஆசிரியர் சிறப்பிதழுக்குப் பேய்க்கதை கேட்டிருந்தார். எனக்கு மாமியார் மருமகள் கதைதான் வரும். பேய்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று விசாரிக்கக் கந்தவேலிடம் போனேன். அவர் கடையில் அதிகம் போகிறவை மந்திரவாதி நாவல், ராக்கெட் நாவல், பேய் நாவல் மூன்றும்தான்.

"பேய்க்கதை எழுதுங்க, வேண்டாங்கல. அதுக்கு முன்னால இசபெல்லா டீச்சரைப் பத்தித் தெரிஞ்சுக்கோங்க" என்றார்.

தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு பேய்க்கதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் இது.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "ஏற்காட்டு மலைமேல் கருமேகம் கவிந்திருந்தது. அஸ்தம்பட்டிச் சாலையில் தன்னந்தனியாக ஒரு பெண்ணுருவம்—" (அடித்துவிட்டேன். கடையிலிருந்து வீட்டுக்குப் போகிறவள் பின்னே ஊர்வலமாகவா போவாள் என்று அந்தப் பெண்ணுருவமே கேட்கும்.)

இரண்டாவது: "மனிதன் ஏன் பயப்பட விரும்புகிறான்?" (இது கட்டுரை. தவிர, விடை தெரியாது.)

மூன்றாவது: "இசபெல்லா புத்தகத்தை மேஜைமேல் வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, 'இது சரியில்லீங்க' என்றார்."

இது இருக்கட்டும்.

2

இசபெல்லா, பங்குக் கோயிலைச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். முப்பத்தைந்து தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா யாகப்பனோடு அஸ்தம்பட்டியில் குடியிருந்தார். சனிக்கிழமைதோறும் கந்தவேல் கடைக்கு வந்து, படித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்துப் போவார். கொடுக்கும்போது அபிப்பிராயம் சொல்வார். அதைக் கேட்காமல் கந்தவேல் புத்தகத்தை வாங்கி அடுக்கியதில்லை.

சில அபிப்பிராயங்களைக் கந்தவேல் அப்படியே ஒப்பித்தார். புத்தகங்களின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை, எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் நாவல் பற்றி: "ஏழு பேரு போறாங்க. ஏழும் ஆம்பளைங்க. யாரு சோறாக்குனாங்கன்னு ஒரு வரி இல்லீங்க. பசிக்காமயே போயி, பசிக்காமயே திரும்பி வந்துட்டாங்க. செவ்வாய்ல மனுஷன் இருக்கான்னுகூட நம்பிடுவேன். இதை எப்படீங்க நம்பறது?"

சிலையாக நின்ற இளவரசி நாவல் பற்றி: "நூறு வருஷம் கல்லா நின்னுட்டு, சாபம் தீர்ந்ததும் உடனே பாட ஆரம்பிச்சுடறா. ஒரு வாய் தண்ணி கேக்கக் கூடாதுங்களா?"

ரத்தம் குடிக்கும் ஜமீன்தார் நாவல் பற்றி: "ஊரே வெளுத்துப் போய்க் கெடக்குது. கடைசிப் பக்கம் வரைக்கும் ஒருத்தரும் டாக்டரைக் கூப்பிடல."

பொதுவாகப் பேய்கள் பற்றி: "ஏனுங்க, எல்லாப் பேயும் வெள்ளைச் சேலைதான் கட்டோணுமா? எளம்பிள்ளையில எத்தனை கலர்ல நெய்யறாங்க. உசுரோட இருந்தப்ப ஆசையாக் கட்டுனது ஒண்ணு இருக்காதா?"

கந்தவேலும் நெசவுக் குடும்பத்துக்காரர். இந்தக் கடைசி அபிப்பிராயத்தை அவர் எல்லோரிடமும் சொன்னார்.*

(* குடும்பக் கதை ஏன் எடுப்பதில்லை என்று டீச்சரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார். "அது டீச்சருங்க ரூம்ல தெனமும் நடக்குதுங்க" என்றாராம். நான் எழுதுவது அந்த வகை என்று கந்தவேலுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னார்.)

3

கந்தவேல் எல்லோரிடமும் சொன்னதுதான் வினையாயிற்று. தறிநூல் வியாபாரி வீட்டு முத்தாயம்மாள், லாரி புக்கிங் ஆபீஸ் ஆட்கள், காலேஜ் மாணவர்கள் என்று யார் வந்தாலும் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் "டீச்சரம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் நல்லதென்றால் புத்தகம் கடையில் தங்காது. சரியில்லை என்றால் அலமாரியை விட்டு இறங்காது. இப்படி ஒரு அதிகாரம் தன்னிடம் இருப்பது இசபெல்லாவுக்குத் தெரியாது.

அந்த அலமாரியில் அதிகமாகத் தூசி பிடித்துக் கிடந்தவை நிழலாண்டி எழுதிய நாவல்கள்.

நிழலாண்டி என்பது புனைபெயர். ஆளின் பெயர் பாலசுந்தரம். மல்லசமுத்திரத்தில் கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா. மனைவி ராசாத்தி மஞ்சள் காமாலையில் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. ராசாத்தி இருக்கும்போதே பேய் நாவல் எழுதிக்கொண்டிருந்தவர்தான். அவள் போன பிறகு அதிகமாக எழுதினார். சாயங்காலம் வீட்டில் வேறு வேலை இல்லை.

சேலத்துக்கு வரும்போதெல்லாம் கந்தவேல் கடையில் எட்டிப் பார்த்துத் தன் புத்தகங்கள் எப்படிப் போகின்றன என்று விசாரிப்பார். கந்தவேல் மழுப்புவார். ஒரு சனிக்கிழமை மழுப்ப முடியவில்லை. எதிரே நின்ற முத்தாயம்மாள் ஒரு புத்தகத்தைக் காட்டி, "இது அந்தச் சோம்பேறிப் பேய் புஸ்தகந்தானே? வேண்டாஞ் சாமி" என்று சொல்லிவிட்டார்.

"சோம்பேறிப் பேயா? யாருங்க சொன்னது?" என்றார் பாலசுந்தரம்.

"டீச்சரம்மாதான்" என்று முனகிவிட்டுக் கந்தவேல் வாசலைப் பார்த்தார். இசபெல்லா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

4

(அவர் உள்ளே வந்ததும் "அவள் விழிகளில் ஒரு—" என்று எழுதியிருந்தேன். கந்தவேலிடம் விசாரித்ததில், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அப்படி எதையும் பார்க்க முடியாது என்றார்.)

பாலசுந்தரம் தன்னை யாரென்று சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"ஏனுங்க டீச்சர், இது படிக்கலாமுங்களா?"

"படிக்கலாம். பயம் வராதுங்க."

"ஏன் வராது? பேய் நல்லாத்தானே இருக்குது?"

"மொதப் பக்கத்துலயே பல்லு, நகம், ரத்தம் எல்லாத்தையும் காட்டிடறாருங்க. அப்புறம் அதுக்கு ஒரு சோலியும் இல்ல. பங்களாவைச் சுத்திச் சுத்தி வருது. ஞாயித்துக்கெழம எங்கப்பா மாதிரி."

"மொதல்லயே காட்டுனாத்தானே பயப்படுவாங்க?"

"பயந்த மனுஷன் பேயோட பல்லை எண்ணிட்டு நிப்பானுங்களா? ஓடறதுக்கு வழி எங்கேன்னுல்ல பாப்பான். இதை எழுதுனவர் எதுக்குமே பயந்ததில்ல போல. இல்லாட்டி, பயந்ததை எழுதல."

பாலசுந்தரம் புத்தகத்தைத் திருப்பி அட்டையைத் துடைத்தார். பிறகு, "இதை எழுதுனது நாந்தானுங்க" என்றார்.

கந்தவேல் அலமாரிப் பக்கம் திரும்பி, அடுக்கியிருந்த புத்தகங்களை மறுபடி அடுக்கினார்.

"அப்படீங்களா" என்றார் இசபெல்லா. "நல்லதாப் போச்சுங்க. எப்படிச் சொல்லியனுப்பறதுன்னு இருந்தேன்."

இங்கே அவர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு பிரதியில் கேட்கவும் வைத்தேன். கேட்டதும் அவர் வேறு யாரோ ஆகிவிட்டார். எடுத்துவிட்டேன்.

5

பாலசுந்தரம் கோபித்துக்கொண்டு போனார். சில வாரங்கள் சேலம் பக்கமே வரவில்லை. பிறகு வந்தார், கையெழுத்துப் பிரதி ஒன்றைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னால நீங்க பாக்கோணுங்க" என்றார்.

இசபெல்லா அதை அச்சான புத்தகத்தைப் போலவே வாங்கி, அச்சான புத்தகத்தைப் போலவே அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்தார்.

கதை இதுதான். ஒருவனுக்கு மனைவி இறந்துபோகிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தினமும் அவள் வீட்டுக்கு வருகிறாள். அடுப்படியில் பாத்திரம் நகர்கிறது. கொடியில் கிடந்த துணி மடித்து வைத்திருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் ஊரார் ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்து அவளை விரட்டிவிடுகிறார்கள்.

"எப்படீங்க?" என்றார் பாலசுந்தரம். கந்தவேல் சொல்கிறார், அன்றைக்கு அந்த மனிதர் உட்காரக்கூட இல்லை.

"இது பேய்க்கதை இல்லீங்க."

"ஏனுங்க? பொறகு என்ன?"

"அவ வார நேரத்துக்கு இவன் ஊட்டைக் கூட்டி வெக்கறான். தலைவாரிக்கறான். பேய் வருதுன்னு எவனாச்சும் தலைவாருவானுங்களா?" அவர் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "நல்லா இருக்குது. நீங்க எழுதுனதுல நான் முழுசா நம்புனது இதைத்தான். ஆனா கடைசி அத்தியாயம் நீங்க எழுதுனதா எனக்குத் தெரியல."

"நாந்தான் எழுதுனேன். பதிப்பகத்துல பேயை ஓட்டாம முடிச்சா வாங்க மாட்டாங்க."

"அதுக்காக அவளை ரெண்டாவது தடவை சாகடிப்பீங்களா?"

பாலசுந்தரம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வெயில் காலம்தான், ஆனால் அவர் கண்ணை மட்டும் இரண்டு தடவை துடைத்தார் என்கிறார் கந்தவேல்.

இசபெல்லாவுக்கு அவர் மனைவி இறந்த விஷயம் தெரியும். கந்தவேல் சொல்லியிருந்தார். அது தெரிந்தும் இப்படிச் சொன்னாரே, இரக்கமில்லாதவரோ என்று நான் இந்தப் பாத்திரத்தைச் சந்தேகப்பட்டேன். அடுத்து அவர் சொன்னதைக் கேட்ட பிறகு சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

"எங்களுக்குக் கல்லறைத் திருநாள்னு ஒண்ணு வருமுங்க. எங்கம்மா கல்லறைக்குப் பூ வெச்சு, மெழுகுவத்தி ஏத்தி, உக்காந்து பேசிட்டு வருவோம். எங்கப்பா பாதி நேரம் என்னைப் பத்திப் புகார்தான் சொல்லுவாரு. யாரும் பயந்துக்கறதில்ல. யாரும் வெரட்டறதும் இல்ல. நீங்களும் அவங்களை அங்கேயே இருக்க வுடுங்க."

பாலசுந்தரம் பிரதியை வாங்கிக்கொண்டார். ஊருக்குப் போய்க் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டார்.

6

இங்கே கதை முடிந்திருக்கலாம். பத்திரிகை ஆசிரியர் கேட்ட பக்கங்களும் நிறைந்திருக்கும். ஆனால் புத்தகம் அச்சாகி வந்தது.

பதிப்பகத்தார் கடைசி அத்தியாயம் இல்லாததைப் பார்த்துவிட்டு, பாலசுந்தரத்தைக் கேட்காமலேயே யாரையோ விட்டு ஒன்றை எழுதிச் சேர்த்துவிட்டார்கள். அதில் ஒரு மந்திரவாதி இல்லை, மூன்று பேர். வேப்பிலையும் சாட்டையும் வருகின்றன. அவள் அலறிக்கொண்டு புளியமரத்தில் ஏறுகிறாள். அட்டையில் வெள்ளைச் சேலை.

கட்டுப் பிரித்ததும் பாலசுந்தரம் அதைக் கந்தவேல் கடையில் நின்றபடியே படித்தார். படித்து முடித்து, "ராசாத்தியைச் சாட்டையில அடிச்சுட்டாங்க" என்றார். கதையில் அவளுக்கு ராசாத்தி என்று பெயரில்லை.

அவரைப் பெஞ்சியில் உட்காரவைத்துக் கந்தவேல் சோடா வாங்கிக் கொடுத்தார். அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

அது சனிக்கிழமை. இசபெல்லா வந்தார். கடைசி அத்தியாயத்தை மட்டும் நின்றுகொண்டே படித்தார்.

("அவர் முகம் சிவந்தது" என்று எழுதலாமா? இல்லை. கந்தவேல் சொன்னது: "டீச்சர் பசங்க நோட்டுல தப்புப் பாக்கற மாதிரி பாத்தாங்க. அதான் பயமா இருந்துச்சு.")

"கந்தவேல் அண்ணா, இந்த அத்தியாயத்தைக் கிழிச்சுருங்க" என்றார்.

இந்தக் கடையின் சட்டம் ஒன்றே ஒன்று. பலகையில் சிவப்பு மையில் எழுதி மாட்டியிருக்கிறது: பக்கம் கிழித்தவருக்கு இனிப் புத்தகம் கிடையாது. இந்தச் சட்டப்படி வக்கீல் வீட்டுக்கே புத்தகத்தை நிறுத்தியவர் கந்தவேல்.

"ஏனுங்க டீச்சர், நானே கிழிச்சா வாரவங்க மொகத்துல எப்படி முழிக்கறது? முடிவில்லாத புஸ்தகத்தை யாரு எடுப்பாங்க?"

"எடுக்கலைன்னா போவுது. இதைப் படிச்சாங்கன்னா நடந்தது இதுதான்னு நெனச்சுக்குவாங்க."

"நடந்ததா? கதைதானுங்களே?"

இசபெல்லா பெஞ்சியைக் காட்டினார். கந்தவேல் பெஞ்சியைப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்தார்.

அவர் கிழிக்கவில்லை. இதை எனக்கு வற்புறுத்திச் சொன்னார். தையல் நூலை அறுத்து, அந்தத் தாள்களை மட்டும் உருவிவிட்டு, மறுபடி தைத்தார். நூல் விஷயம் அவர்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. தைக்கும்போது புத்தகம் நகராமல் பிடித்துக்கொண்டது பாலசுந்தரம். கடையில் இருந்த எல்லாப் பிரதிகளுக்கும் அப்படிச் செய்தார்கள்.

7

புத்தகம் நடுவாக்கியத்தில் நின்றது என்று நினைக்காதீர்கள். விளக்கை ஏற்றிவிட்டு அவன் கூடத்தில் உட்கார்கிறான் என்பதோடு நின்றது. எடுத்துப் போனவர்கள் கோபமாகத் திரும்பி வந்தார்கள்.

"பொறகு என்னாச்சுங்க?" என்று கேட்டால் கந்தவேல், "அதைத்தான் நீங்க சொல்லோணும்" என்பார். சாமர்த்தியமாக அல்ல, வேறு பதில் அவருக்குத் தோன்றவில்லை.

சொன்னார்கள். லாரி புக்கிங் ஆபீஸ்காரர், அவள் அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றார். ஒரு காலேஜ் மாணவர், எல்லாம் அவன் மனப்பிராந்தி என்று அரை மணி நேரம் விளக்கினார். அவள் வரவே இல்லை, பாத்திரத்தை நகர்த்தியது எலி என்றும் ஒருவர் சொன்னார். புத்தகம் கை மாறிக்கொண்டே இருந்தது. பாலசுந்தரம் சனிக்கிழமைகளில் ஒழுங்காக வந்து பெஞ்சியில் உட்கார்ந்து எல்லா முடிவுகளையும் கேட்டார். எலியைக்கூடக் கேட்டார். சில சமயம் சிரித்தார். இசபெல்லா பெஞ்சியின் மறுகோடியில் உட்கார்ந்து, எந்த முடிவு சரியில்லை, ஏன் என்று அவருக்குச் சொன்னார். முன்பெல்லாம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு உடனே போகிறவர், இப்போது கடை நிழல் தெருவின் பாதிக்கு வரும்வரை இருந்தார்.

முத்தாயம்மாள் சொன்ன முடிவு வேறு.

"அவ எதுக்கு வாரான்னு ஒருத்தருக்கும் தெரியல. புருஷன் ஒண்டியாக் கெடக்கறானேன்னுதான் வாரா. அவனுக்கு இன்னொருத்தி வந்துட்டான்னா, அடுப்படியில எங்கே என்ன இருக்குதுன்னு அவளுக்குக் காட்டிக் குடுத்துட்டு, நிம்மதியாப் போயிருவா. இதுக்குப் போயி புஸ்தகம் எழுதோணுமா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பாலசுந்தரம் சிரிக்கவில்லை. இசபெல்லாவும் அந்த முடிவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவில்லை.

8

அடுத்த சனிக்கிழமை பாலசுந்தரம் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இசபெல்லா வந்ததும் எழுந்து நின்றார். கந்தவேல் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. அல்லது கந்தவேல் இருக்கட்டும் என்றே நினைத்தாரோ என்னவோ.

"டீச்சர், உங்களுக்கு இஷ்டமிருந்தா நாம ரெண்டு பேரும் கலியாணம் பண்ணிக்கலாமுங்களா?"

இசபெல்லா கையிலிருந்த புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். அது கோபமா, கூச்சமா என்று கந்தவேலுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை; நான் கடந்து போகிறேன்.

"உங்க கதையில வார பொம்பளைங்க எல்லாம் செத்ததுக்கப்புறந்தானுங்க நல்லவங்களா இருக்காங்க" என்றார் அவர். "உசுரோட இருக்கற ஒருத்தியை நீங்க இன்னும் எழுதுனதே இல்ல."

"ஆமாங்க" என்றார் பாலசுந்தரம். "பழகோணுங்க."

"ராசாத்தியை மறந்துடறேன்னு சொல்லுவீங்களா?"

"மாட்டேனுங்க."

"அது நல்லது." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். "எங்க சபைக்கு வெளியில கட்டுனா என் வேலை போயிருமுங்க. அப்பா மூணு நாளைக்குப் பேச மாட்டாரு, இல்ல மூணு வருஷம். உங்களை ஞானஸ்நானம் வாங்கச் சொல்லுவாங்க. உங்க சனம் என்னை ஊட்டுக்குள்ள வுடுமான்னு தெரியல."

"தெரியலைங்க. இதெல்லாம் நானும் யோசிச்சேன். யோசிச்சுட்டுத்தான் கேட்டேன்."

"நானும் யோசிக்கோணும்."

"யோசிங்க."

"அவசரப்படுத்தக் கூடாது."

"நான் மல்லசமுத்திரத்துக்காரனுங்க. எங்களுக்கு அவசரம் தெரியாது."

இசபெல்லா சிரித்தாராம். இதைச் சொல்லும்போது கந்தவேலும் சிரித்தார். பிறகு டீச்சர் புதிதாக வந்த ராக்கெட் நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

9

முடிவு.

அவர்கள் மணந்துகொண்டார்கள் என்று எழுதினேன். மாதா கோயிலில் கல்யாணம், முன்வரிசையில் அப்பா யாகப்பன், கண்களில்— (வேண்டாம். பாலசுந்தரத்தின் சனத்தை அந்த வாக்கியத்துக்குள் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.)

மணந்துகொள்ளவில்லை, ஆனால் வாழ்நாள் முழுதும் சனிக்கிழமைதோறும் பெஞ்சியில் உட்கார்ந்து பேசினார்கள் என்று எழுதினேன். படிக்க அழகாக இருந்தது. உட்காருவது நானில்லை என்பதால் அழகாக இருந்தது.

இசபெல்லா வரவே இல்லை, பாலசுந்தரம் காத்திருந்தார் என்று எழுதினேன். அதை எழுதி முடித்தபோது, நானும் அந்தப் பதிப்பகத்தாரும் ஒன்றுதான் என்று பட்டது.

போன சனிக்கிழமை, உண்மையில் என்ன ஆயிற்று என்று கேட்க நானே கடைக்குப் போனேன். இந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கெடு அதற்கடுத்த திங்கள். பாலசுந்தரம் இன்னும் வந்திருக்கவில்லை. மல்லசமுத்திரம் பஸ் தாமதம். நான் பெஞ்சியின் ஒரு கோடியில் உட்கார்ந்துகொண்டேன். சற்று நேரத்தில் இசபெல்லா வந்தார். ராக்கெட் நாவலைக் கந்தவேலிடம் நீட்டினார்.

"எப்படீங்க டீச்சர் இருந்துச்சு?"

"இன்னும் படிக்கலீங்க."

கந்தவேலுக்குக் கை நீண்டபடியே நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் படிக்காமல் டீச்சர் ஒரு புத்தகத்தையும் திருப்பியதில்லை.

"வேற ஏதாச்சும் தரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

அவர் பெஞ்சியின் மறுகோடியில் உட்கார்ந்தார். நான் எழுத்தாளன் என்று அவருக்குத் தெரியாது. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை ஏதோ கணக்குப் போடுவது போல விரலை மடக்கினார், பாதியில் விட்டுவிட்டார். ஒரு முறை லேசாகத் தலையை ஆட்டினார். அது சம்மதமா மறுப்பா என்று நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சொல்ல முடியாது. இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தால் பஸ் வந்துவிடும், எனக்கு ஒரு முடிவு கிடைத்துவிடும்.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். ஒரு பெண் யோசித்துக்கொண்டிருக்கும்போது எழுத்தாளன் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதை இல்லை. வாசகருக்கும் அதேதான்.

நான் வெளியே வந்துவிட்டேன். நீங்களும் வாருங்கள்.